பாதியில் இறங்கிய சம்பந்தி எழுதுவது

பிரியமுள்ள சம்பந்தி மாரியப்பன் அவர்களுக்கு,

அங்கே உங்களை ஜீப் ஓட்ட விடுகிறார்களா? விடவில்லை என்றால் நீங்கள் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விட்டிருக்க மாட்டீர்கள். அதை நினைத்தால் அங்கே இருப்பவர்கள் மேல்தான் எனக்குப் பரிதாபம் வருகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மூன்று மாதம் இருந்தது. வீம்பில் விட்டுவிட்டேன். நீங்கள் இப்படித் திடுதிப்பென்று கிளம்பிவிடுவீர்கள் என்று யார் கண்டது? என் மேல் கோபத்தோடுதான் போனீர்களா என்பது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரார் முன்னால் செய்த தப்பை ஊரார் முன்னாலேயே ஒப்புக்கொள்வதுதான் முறை. அதனால் ஊராரும் படிக்கட்டும் என்று, உங்களுக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஜீப் டிரைவர், நான் ஆள் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர். என் மகள் கவிதாவை உங்கள் மகனுக்குக் கொடுத்த பிறகும் இரண்டு வருடம் நமக்குள் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. தினமும் காலையில் நம் வெள்ளக்கடை ஊரில் காப்பி பறிக்கும் பெண்களை ஏற்றி, எஸ்டேட் கேட்டில் இறக்கிவிடுவீர்கள். முன்சீட்டில் நான் உம்மென்று உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஜீப் ஸ்பீக்கரில் பாட்டுக்குப் பதிலாக ஒரு பெண் பேசினாள். பாட்காஸ்ட் என்றீர்கள். ஏற்காடு பஜாரில் டவர் கிடைக்கும்போதே போனில் இறக்கி வைத்துக்கொள்வீர்களாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண் வாரம் ஒரு சிந்தனையாளரை நமக்கு அறிமுகப்படுத்தி வைத்தாள்.

அதற்குப் பிறகு எஸ்டேட்டில் எனக்கு மரியாதையே போய்விட்டது. காலம் என்று ஒன்று கிடையவே கிடையாது, அது மனிதனின் கற்பனை என்று ஒருவர் சொன்ன வாரம், காப்பி பறிக்கும் பழனியம்மாள் ஜீப்பைத் தவறவிட்டு அரைமணி நேரம் தாமதமாக வந்து நின்றாள். "ஏனுங்க ரைட்டரே, நேரம்னு ஒண்ணே இல்லைங்கறப்ப நான் லேட்டுன்னு எப்புடிங்க எழுதுவீங்க?" என்றாள். பேனாவை மூடிவிட்டேன். நான் மட்டும் சும்மா இருந்தேனா? நூலகத்தில் உறுப்பினராகி, தடித்தடியாகப் புத்தகம் எடுத்து வந்து படிக்க ஆரம்பித்தேன். 'நான்' என்பதே ஒரு மாயத்தோற்றம் என்று அதில் ஒருவர் எழுதியிருந்ததை என் வீட்டுக்காரியிடம் விளக்கினேன். "இல்லாத ஆளுக்கு எதுக்குங்க ரெண்டாவது காப்பி?" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனாலும் சம்பந்தி, அந்தக் காலை நேரம் மாதிரி என் வாழ்க்கையில் எதுவும் இனித்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில் புதிதாக ஒன்றைக் கேட்டு, அதற்காக ஒருவரோடு வரிந்துகட்டிச் சண்டை போடுவது எவ்வளவு பெரிய சுகம்!

கோளாறு எங்கே இருந்தது என்றால், நிகழ்ச்சி நாற்பது நிமிடம், வெள்ளக்கடையிலிருந்து எஸ்டேட் கேட்டுக்கு இருபது நிமிடம். முதல் பாதியோடு நாங்கள் இறங்கிவிடுவோம். மீதியை நீங்கள் வெறும் ஜீப்பில் தனியாகக் கேட்டுக்கொண்டே திரும்பிப் போவீர்கள். சாயங்காலம் அதைப் போடலாமென்றால் பெண்கள் பாட்டுத்தான் வேண்டும் என்பார்கள். அந்தச் சென்னைப் பெண்ணோ முதல் பாதியில் எதிராளியின் வாதத்தைச் சொல்லிவிட்டு, பிற்பாதியில்தான் அவள் சொல்ல வந்த ஆளின் பதிலுக்கு வருவாளாம். இது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வருடமாக வெள்ளக்கடை முழுக்க எதிராளிகளின் கருத்தைத்தான் சத்தியவாக்காக நம்பிக்கொண்டிருந்தோம்.

நம் பேத்தி யாழினிக்குக் காதுகுத்து வந்தது. கவிதாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால் தாய்மாமன் சீரும் என் தலையில்தான். அந்த வாரம் நான் கேட்டிருந்தது பரிசைப் பற்றி யோசித்த ஒரு பேராசிரியரின் நிகழ்ச்சி. பந்தலுக்கு வெறுங்கையோடு வந்தேன். வந்ததோடு நின்றேனா? மைக்கைப் பிடித்து, "பரிசு என்பது கண்ணுக்குத் தெரியாத விலங்கு. கொடுப்பவன் வாங்குபவனை அடிமையாக்குகிறான். என் பேத்தி சுதந்திரமாக வளரட்டும்" என்று முழங்கினேன். பின்னாலிருந்து யாரோ, "பேச்செல்லாம் நொம்ப நல்லா இருக்குதுங்க, தட்டு எங்கீங்க?" என்று கேட்டார்கள்.

அப்போதுதான் நீங்கள் எழுந்தீர்கள். "ஏனுங்க சம்பந்தி, அது எதிராளி சொன்னதுங்க. அந்தப் பேராசிரியரு அதுக்கப்பறம் இருவது நிமிசம் அத மறுத்துப் பேசறாருங்க. குடுக்கறதும் வாங்கறதும் நின்னுபோனா மனுசனுக்கு மனுசன் ஒட்டே இருக்காதுங்கறாரு. நீங்க பாதியில எறங்கிட்டீங்க" என்றீர்கள். காது குத்த வந்த ஆசாரிகூட ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

என்னை அசிங்கப்படுத்தத்தான் அங்கேயே ஒரு மீதியை இட்டுக்கட்டினீர்கள் என்று நினைத்தேன். "உங்க ஜீப்பும் வேண்டாம், உங்க பேராசிரியரும் வேண்டாமுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினேன். மறுநாளிலிருந்து பஸ். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜீப்பைப் பக்கத்தில் கொண்டுவந்து ஹார்ன் அடிப்பீர்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி, மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியைப் புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் மாரடைப்பு என்று போன் வந்தது. பேத்திக்கு எடுக்காத தட்டை, உங்களுக்குக் கோடித்துணி வைக்கத்தான் முதன்முதலில் கையில் எடுத்தேன்.

போன வாரம் கவிதாவின் போனில் அந்தப் பரிசு நிகழ்ச்சியைத் தேடி எடுத்து, நாற்பது நிமிடமும் கேட்டேன். நீங்கள் சொன்னது ஒரு வார்த்தை பிசகில்லை. மறுநாளே சேலம் போய்ப் பட்டுப்பாவாடையும் தோடும் வாங்கி, பழமும் வெல்லமும் வைத்து, தட்டோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன்.

சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துக்க ஊட்டுக்குள்ள சீர்த்தட்டு கொண்டாரலாமுங்களா?" என்றார். நான் தட்டோடு படியிறங்கப் பார்த்தேன். அவரே, "அவரு இருந்தா, கொண்டாரலாம்னு எந்த ஊருலயோ ஒருத்தரு சொல்லியிருக்காருன்னு எதையாச்சும் போட்டுக் காட்டுவாரு. உள்ள வாங்க" என்றார்.

பிறகு உங்கள் போனை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதுல ஒண்ணு கேக்காமயே கெடக்குதுங்க. போடுங்கன்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். அந்த மனுசன் வராம கேட்டு என்ன பண்றது, சண்டை கட்ட ஆள் வேண்டாமான்னு அப்புடியே வெச்சிருந்தாருங்க" என்றார்.

கூடத்தில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன் சம்பந்தி. யாழினி புதுத்தோட்டைக் காட்டிச் சமாதானம் செய்தது.

நேற்றுக் காலை உங்கள் ஜீப்பில் அதைப் போட்டோம். எஸ்டேட் கேட் வந்தும் நான் இறங்கவில்லை, கடைசி வார்த்தை வரை கேட்டேன். ஆடும் மாடும் நம்மைப் போலவே யோசிக்கின்றன, நமக்குத்தான் அது புரியவில்லை என்று ஒரு அம்மாள் சாதிக்கிறார். எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. உங்களுக்கு நிச்சயம் பிடித்திருக்கும், எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகவே பிடித்திருக்கும். "இதெல்லாம் ஒத்துக்கவே முடியாதுங்க" என்று டிரைவர் சீட்டைப் பார்த்துக் கத்திவிட்டேன். அங்கே உங்கள் மகன் இருந்தார். "சரிங்க மாமா" என்றார்.

சரிங்க என்று சொல்கிற ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இனி எந்தப் பேச்சையும் முடியும் வரை கேட்காமல் வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம். இத்தனை நாள் விட்டுப்போன மீதிப் பாதிகளை எல்லாம் கேட்டு, மதியச் சோற்று நேரத்தில் பழனியம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றுவிடாமல் சொல்லுவேன். ஆடு மாடு விஷயத்தில் மட்டும் விடமாட்டேன். நேற்றிலிருந்து உங்கள் கட்சியையும் நானே பேசி, என் கட்சியையும் நானே பேசிப் பார்க்கிறேன். அதிலும் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்து, சீரைத் தாமதமாகக் கொடுத்த சம்பந்தி,
ரங்கசாமி