தடித்த அலகுக்காரன்

வெள்ளி, ஐப்பசி 20

ஃபின்ச் குருவிகள் வாங்க வந்த சலீம் பாய், என் ஆண் குருவி ஒன்றைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னாக்கா, மூக்கு இவ்ளோ தடியா கீது! இத்த ஜோடி சேக்காத. குஞ்சும் இப்டியே வரும், ஒருத்தனும் வாங்க மாட்டான்."

அப்படியே வரட்டும் என்றுதான் சேர்க்கிறேன். போன மழையில் எண்ணூர்த் தெருவெல்லாம் தண்ணீர். தினை கிடைக்காமல் ஐந்து நாள் கம்புதான் போட்டேன். உடைக்க முடியாமல் சின்ன அலகுக் குருவிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அது என் தப்பு. இவன் ஒருத்தன்தான் உடைத்துத் தின்று பிழைத்தான்.

"லட்சணமா பாய் கம்ப ஒடைக்கும்?" என்று கேட்டேன்.

அவர் போனதும், மழைக்குப் பிறகு வாங்கிய பெட்டை ஒன்றோடு இவனை விட்டு, முட்டையிடப் பானையும் கட்டினேன். மழை மறுபடி வரும். அன்றைக்கு எனக்கு வாங்க ஆள் வேண்டாம், உயிரோடு குருவிகள் வேண்டும்.