ஷேர் ஆட்டோவில் போன மயோனைஸ்

இன்று காலை நம் சாஸ் கம்பெனி ஆய்வுக்கூடத்தின் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பூண்டும் எலுமிச்சையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

முட்டையில்லாத மயோனைஸ் செய்ய நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? திருவொற்றியூர் வெக்கையில் எண்ணெய் தனியே, தண்ணீர் தனியே பிரிந்து நிற்கும். கரும்புச் சக்கையின் செல்லுலோஸை, அதாவது நாரை, கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகளாக்கி, கூழாகக் கலந்த பிறகுதான் ஒன்றாக நின்றது. அதற்குள் முதலாளி பொறுமையிழந்திருந்தார். வருகிற மொத்த வியாபாரி வேண்டாமென்றால் நம் இருவருக்கும் வேலை இல்லை.

யானைக்கவுனியிலிருந்து அந்த வியாபாரி அண்ணாச்சி வந்தார். கோயம்புத்தூர்க்காரியான நான் பாடப்புத்தகத் தமிழில் விளக்கினேன். அவர் முகம் சுருங்கியது.

"சக்கையத் திங்க நாங்க என்ன மாடாம்மா?"

ராயபுரத்துக்காரி நீ சும்மா இருப்பாயா?

"கீரத்தண்டு துண்றீங்கல்ல அண்ணாச்சி, அதுலயும் இதே நாருதான் கீது. எண்ணெத் துளிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாதான் பேஜாரு. இந்த நாரு ஒவ்வொரு துளிக்கும் சொக்கா மாட்டி வுட்ருது. அப்பால எப்டி ஒட்டும்?"

"இங்க நல்லாத்தான் இருக்கும். எண்ணூர் கடைக்குப் போறதுக்குள்ள பிரிஞ்சிருமே?"

"வாங்க, போய்ப் பாத்துடலாம்."

நான் தடுப்பதற்குள் அவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாய். நானும் தொற்றிக்கொண்டேன். அவர் மடியில் நம் பாட்டில் ஒன்று, நார் சேர்க்காத பாட்டில் ஒன்று. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் தலை கூரையில் இடித்தது. பக்கத்திலிருந்த மீன்காரம்மா, "இன்னாய்யா, கொயந்தையாட்டம் கட்டிக்கினு வர்ற?" என்றார்.

எண்ணூரில் இறங்கியபோது நார் சேர்க்காததில் எண்ணெய் மேலே மிதந்தது. நம்முடையது அப்படியே இருந்தது. அண்ணாச்சி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "அது நல்லாத்தான் இருக்கு. நாந்தான் பிரிஞ்சுட்டேன்" என்றார். நீ வாங்கித் தந்த சோடாவைக் குடித்துவிட்டு ஆர்டரும் கொடுத்தார்.

நோய் வந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அழுதேன். "அழுவாதமே, மூஞ்சி கலீஜா கீது" என்றாய். என்னிடம் நீ கடைசியாகச் சொன்னது அதுதான். காசிமேட்டுக் கல்லறையில் உன்மேல் மண் போடும்போது அது ஞாபகம் வந்து, அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். பாதிரியார் ஜெபத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

போன வாரம் கல்லூரிப் பிள்ளைகள் கம்பெனியைச் சுற்றிப்பார்க்க வந்தார்கள். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருத்தி, "எண்ணெயே தெரியலையே மேடம், எங்க போச்சு?" என்று கேட்டாள்.

"எங்கயும் போவலமே, உள்ளதான் கீது" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் திருத்திச் சொல்லவில்லை.