நன்றியோடு தொடங்கிய உரை

இம்மாதம் நான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, கண் வைத்தியரிடம் போயிருந்தேன். எனக்கு முன் அமர்ந்திருந்த மூதாட்டி எழுந்து உள்ளே போனதும், உதவியாளர் பெண் அந்தக் கதிரையின் கைப்பிடிகளில் கிருமிநாசினியைத் தெளித்துத் துடைத்தார். எல்லாருக்கும் செய்வதைத்தான் செய்தார். என் கதிரைக்கும் பிறகு செய்திருப்பார். ஆனால் அந்த மணம் மூக்கில் ஏறியவுடன் நான், தம்பி, உமது பல்கலைக்கழகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், தேநீர் அறை வாசலில் நின்றேன். என் பெயரைப் பல தடவை கூப்பிட்டார்களாம். எனக்குக் கேட்கவில்லை.

நீர் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடங்கள் கடந்துவிட்டன. 2023 செப்டெம்பர் ஏழு, வியாழன். இந்த இடத்தில் நீர் சிரித்திருப்பீர். "அண்ணைக்குச் சொந்தப் பேர் மறந்தாலும் திகதி மறக்காது" என்று கோயில் மண்டபத்தில் நாலு பேர் முன்னால் என்னைப் பகிடி பண்ணுவீர். நானும் அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேநீர் அறையைப் பற்றி நீர் எனக்குச் சொன்னது 2020 பெப்ரவரி பதினொராம் திகதி. இரசாயனப் பகுதியில் கண்ணாடிக் கலங்களைக் கழுவி, உலர்த்தி, ஆய்வுகூடங்களுக்கு அனுப்பும் வேலை உமக்கு. ஊழியர் பிரதிநிதியாகவும் தெரிவாகியிருந்தீர். அன்று வேலை முடிந்து நேரே பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் உள்ள என் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னீர். புதிய தொற்றுநோயைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் பெருகிக்கொண்டிருந்த காலம். பேர்லினில் அதுவரை ஒருவருக்கும் அது வந்ததாகத் தகவல் இல்லை. லின் என்ற ஆராய்ச்சி மாணவி தேநீர் ஊற்றிக்கொண்டு போனதும், அவள் தொட்ட கேத்திலிலும் இருந்த கதிரையிலும் யாரோ கிருமிநாசினியைத் தெளித்திருக்கிறார்கள். மறந்துவிட்ட கரண்டியை எடுக்கத் திரும்பி வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். பிற்பகலில் கதவில் ஒரு கடுதாசி ஒட்டப்பட்டிருந்தது. ஆசிய நாடுகளைச் சேர்ந்த சகபாடிகள் தயவுசெய்து கீழ்த்தளத்து அறையைப் பயன்படுத்தவும் என்று அதில் இருந்தது.

லின் ஜெர்மனியிலேயே, டிரெஸ்டன் நகரில் பிறந்தவள். அவளுடைய பெற்றோர் பேர்லின் மதில் விழுவதற்கு முன்பே வியட்நாமிலிருந்து கிழக்கு ஜெர்மனியின் தொழிற்சாலைக்கு ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்கள். பேர்லினில் பிறந்தவர்களுக்கே அவளுடைய டிரெஸ்டன் பேச்சு சில வேளை விளங்காது என்று நீர் சொல்லிச் சிரித்ததுண்டு.

கடுதாசியைக் கண்டதும் நீர் அலுவலகத்துக்குப் போய், அப்படியானால் நான் எந்தக் கேத்திலில் தேநீர் போடுவது என்று கேட்டிருக்கிறீர். செயலாளர் பெண்மணி பதறிப்போய், உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் எங்கள் ஆள் அல்லவா என்று உமது தோளைத் தட்டினாராம். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்.

"இலங்கையை எப்ப அண்ணை ஆசியாவில இருந்து கழட்டினவை?"

நான் சிரித்தேன். சிரிப்போடு ஒரு நிம்மதியும் வந்தது என்பதை இன்று எழுதத்தான் வேண்டும். "நல்லதுதானே, எங்களைச் சொல்லேல்லை. சப்பை மூக்குக்காரரின்ர பிரச்சினைக்குள்ள நாங்கள் ஏன் போவான்" என்றேன். எங்கள் வீடுகளில் அந்தச் சொல் எவ்வளவு இலகுவாகப் புழங்கியது. நீர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினீர். அதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது.

லின் மேலிடத்தில் முறையிட்டாள். தவறான புரிதல் என்ற மறுமொழிதான் வந்தது. அந்தக் கடுதாசியைக் கழற்றி, அது பிழை என்று எல்லார் முன்னிலையிலும் ஒருவர் சொல்லாவிட்டால், ஆராய்ச்சியை விட்டுவிட்டு டிரெஸ்டனுக்கே போய்விடுவேன் என்று உம்மிடம் மட்டும் சொன்னாள். இருபத்தாறாம் திகதி, புதன்கிழமை, மாணவரும் ஊழியரும் பேராசிரியரும் கூடும் பொதுக்கூட்டம் இருந்தது. அதில் பேசுவதற்கு நீர் நேரம் கேட்டு வாங்கினீர்.

அதற்கு முந்திய ஞாயிறு காலை, கையால் எழுதிய இரண்டு தாள்களோடு என் சமையலறை மேசைக்கு வந்தீர். ஜெர்மன் மொழியில் எதை எழுதினாலும் என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுப்பது அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம். 1984இல் வந்து மொழியைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து நான் அகதி மனுக்களும் மேன்முறையீடுகளும் வீட்டு விண்ணப்பங்களும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் ஒரே விதமாகத் தொடங்கும்: எமக்குப் பாதுகாப்பளித்த இந்த நாட்டுக்கும் அதன் மக்களுக்கும் முதற்கண் எனது நன்றி. கோயில் திருவிழாவானாலும் தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவானாலும் அந்த வரியைச் சொல்லாமல் எங்களில் ஒருவரும் ஒலிவாங்கியைத் தொடுவதில்லை. நாடுகடத்தாமல் இப்போதைக்குச் சகித்துக்கொள்கிறோம் என்று எழுதிய டுல்டுங் தாளை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாழ்ந்தவர்கள் நாங்கள். அதைப் புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் நாக்கில் முதலில் எது வரவேண்டும் என்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

உமது தாளில் நன்றி இல்லை. முதல் வரியே நேராக அந்தக் கதவுக்குப் போய்விட்டது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன்.

"இப்பிடித் தொடங்கினா ஆர் தம்பி கேப்பினம்? முதல்ல நன்றியைச் சொல்லும்."

"இதுக்கும் நன்றி சொல்லத்தான் வேணுமோ, அண்ணை?"

"சொல்லாட்டி நன்றி கெட்டதுகள் எண்டுவினம். பிறகு நீர் சொல்லுறது ஒண்டும் அவையின்ர காதில ஏறாது."

நீர் கோப்பையைக் கையில் வைத்துச் சற்று நேரம் சுற்றிக்கொண்டிருந்தீர். பிறகு, "சரி, உங்களுக்குத் தெரியாததே" என்றீர்.

நான் உம்மைவிட ஆறு வயது மூத்தவன். மூத்தவர் சொன்னதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டீர் என்பதை நன்றாக அறிந்துகொண்டுதான் பேனையை எடுத்தேன். முதல் வரியை வெட்டினேன். நன்றிக்கென்று ஒரு முழுப் பந்தியைச் சேர்த்தேன். கடுதாசியைக் கழற்றுங்கள், மன்னிப்புக் கேளுங்கள் என்று நீர் எழுதியிருந்ததை, இவ்விடயத்தில் கவனம் செலுத்தினால் நன்றியுடையவர்களாவோம் என்று மாற்றினேன். மாலைக்குள் கணினியில் எழுத்துப் பெரிதாக அடித்து, நேர்த்தியாக மடித்துத் தந்தேன். உமது தாள்களைக் கடுதாசிக் குப்பைக்குள் போட்டேன். திருத்திய பிரதி இருக்கும்போது பழையது எதற்கு என்பது என் கொள்கை.

கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனீர். நான் கடைசி வரிசையில் இருந்தேன். நீர் கோட்டுப் போட்டிருந்தீர். அது தோளில் சற்றுப் பெரிது. நன்றிப் பந்தியை வாசித்து முடித்ததும் மண்டபம் கைதட்டியது. இந்த நாட்டு வழக்கப்படி மாணவர்கள் மேசையில் விரல் முட்டியால் தட்டினார்கள். நீர் நிறுத்தி, தாளைப் பார்த்து, மறுபடி தொடங்கினீர். மிச்சத்தை நீர் வாசித்தபோது கைதட்டிய முகங்களில் அந்த மகிழ்ச்சி அப்படியே இருந்தது. நீர் சொன்ன எதுவும் அதைக் கலைக்கவில்லை. பகுதித் தலைவர் எழுந்து, உமது நன்றியுணர்வு தம்மை நெகிழச் செய்ததாகவும் அந்த விடயம் உரிய இடத்தில் கவனிக்கப்படும் என்றும் சொல்லி, உமது கையைப் பற்றிக் குலுக்கினார். அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. அது என் பந்தி, அதற்குத்தான் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் என் நண்பர் என்று சொன்னேன்.

வெளியே நடைபாதையில் லின் காத்துக்கொண்டு நின்றாள். குரலை உயர்த்தவில்லை. எனக்காகவும் சேர்த்தா நன்றி சொன்னீர்கள் என்று உம்மைக் கேட்டாள். நான் உமக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றேன். நீர் என் பக்கம் திரும்பவே இல்லை. அது எங்கள் ஆட்களின் பழக்கம், மன்னித்துக்கொள் என்றீர். அவள் தலையை அசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அந்த வரி என்னுடையது என்று சொல்ல எனக்கு நல்ல ஜெர்மன் தெரியும். சொல்லவில்லை.

திரும்பி வரும்போது சுரங்க ரயிலில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். எவ்வளவு பேர் கைதட்டினார்கள், தலைவரே எழுந்து கை கொடுத்தாரே என்றெல்லாம் சொன்னேன்.

"ஓம் அண்ணை, கை குடுத்தவர்" என்றீர். ஒரு தரிப்பிடம் கழிந்தது. "கடுதாசி இன்னும் கதவில கிடக்கு."

மார்ச் நடுப்பகுதியில் பல்கலைக்கழகம் பூட்டப்பட்டது. இன்னொரு கூட்டம், இன்னொரு ஒலிவாங்கி என்று எதுவும் இருக்கவில்லை. லின் கோடைகாலத்தில் விலகல் எழுதிக் கொடுத்துவிட்டு டிரெஸ்டனுக்குப் போனாள் என்று நீர் தொலைபேசியில் சொன்னீர். இலையுதிர் காலத்தில் நீரும் ஓய்வு பெற்றீர். நீர் அழைப்பதும் வருவதும் குறையவில்லை. திருவிழாவுக்கு என்னைக் காரில் ஏற்றிப் போனதும் நீர்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தாளையேனும் என்னிடம் திருத்தத் தரவில்லை. ஓய்வூதியப் பகுதிக்கு நீரே எழுதி அனுப்பினீர். பிழைகளோடு போயிருக்கும் என்று நான் கவலைப்பட்டேன்; எனக்கு உறைத்தது அவ்வளவுதான்.

உமது கடைசி ஓகஸ்டில் ஆஸ்பத்திரியில் உம்மிடம் அந்தக் கூட்டத்துப் பேச்சைத் தொடங்கிப் பார்த்தேன். நன்றி என்ற சொல்லை எடுத்ததுமே கையை உயர்த்தினீர்.

"நீங்கள் எனக்கு நல்லதுதான் நினைச்சியள், அண்ணை. வாசிச்சது நான்தானே."

அதை நீர் மன்னிப்பாகவே சொன்னீர். எனக்கு அது அப்படி வந்து சேரவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை லின் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். அதே பல்கலைக்கழகத்தில், வேறொரு பகுதியில், இந்தப் பருவத்திலிருந்து மறுபடி ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருக்கிறாள். கண்ணின் ஓரத்தை விரலால் இழுத்துக் காட்டிச் சிரிப்பது போன்ற விடயங்கள் மாணவர் மத்தியில் இன்னும் நடக்கின்றனவாம். அதைப் பற்றிப் பேசுவதற்கு இருபதாம் திகதி, வியாழன் மாலை, அந்தப் பழைய மண்டபத்திலேயே ஒரு கூட்டம் வைக்கிறார்கள். அங்கே அவள் உமது உரையை வாசிக்க விரும்புகிறாள். கைதட்டப்பட்ட உரையை அல்ல. முதலில் வேறொன்று எழுதியிருந்ததாக நீர் எப்போதோ அவளுக்கு ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர். அதை யார் மாற்றினார் என்று எழுதவில்லையாம். நீங்கள் அவருடைய நெருங்கிய நண்பர், எல்லாவற்றையும் கோவைகளில் வைத்திருப்பவர் என்று சொல்வாரே, அது உங்களிடம் இருக்குமா என்று கேட்டாள்.

நான் அவளிடம் சொன்னேன். நன்றி என்னுடையது, வெட்டியதும் நானே, தாள்களை எறிந்ததும் நானே என்றேன்.  அப்படியானால் வந்து அதைச் சொல்லுங்கள் என்றாள். அதைக் கடுமையாகவும் சொல்லவில்லை, இரக்கமாகவும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து உமது முதல் வரியை நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறேன், தம்பி. அது ஞாயிற்றுக்கிழமை, இருபத்து மூன்றாம் திகதி என்பது தெரியும். நீலப் பேனை. மழை பெய்துகொண்டிருந்தது. நீர் தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றீர். அந்த வரியில் ஒரு சொல்லின் முடிவு பிழையாக இருந்தது, அதைத் திருத்தினேன். திருத்திய பிறகுதான் முழுவதையும் வெட்டினேன். அந்தக் கதவோடு சேர்த்து உமது கைகளைப் பற்றி, நீர் கழுவிய குடுவைகளைப் பற்றி அதில் ஏதோ இருந்தது. பிழை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாக்கியம் இல்லை.

ஞாயிறன்று, இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து ஒன்றை எழுதினேன். நன்றாகவே வந்தது. நீர் எழுதியது என்று யாரும் நம்புவார்கள். வாசித்துக்கொண்டு போனபோது நாலாவது வரியில், தேடாமலே, ஒரு சிறிய நன்றி வந்து உட்கார்ந்திருந்தது. அதைக் கிழித்துவிட்டேன்.

வியாழன் மாலை போவேன். எழுபத்தாறு வயதானாலும் நின்றுகொண்டே பேசுவேன். கேத்திலையும் கதிரையையும் கதவையும், அவற்றின் திகதிகளையும் சொல்வேன். லின் நடைபாதையில் கேட்ட கேள்வியையும், அப்போது நான் எங்கே நின்றேன் என்பதையும் சொல்வேன். இந்த இடத்தில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார், நான் அதை எடுத்துவிட்டேன் என்பேன். அதற்குப் பதிலாக எதையும் வைக்கமாட்டேன். தாளில் அந்த இடத்தை இப்போதே விட்டுவைத்திருக்கிறேன். உமது கையெழுத்தில் இரண்டு வரி அளவு.