கொதித்த குழாயும் மஞ்சளானது

அன்புள்ள பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதே.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. சலவைக்கூடத்துச் சாக்கடையில் எடுத்த நுண்ணுயிரின் நொதியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நொதி வேலை செய்தால் சோதனைக் குழாயிலுள்ள நீர் மஞ்சளாகும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழாயில் கொதிக்கவைத்த நொதியை ஊற்றுவோம். கொதித்த நொதி செயலிழந்துவிடும், நிறம் மாறாது. எனக்கோ அதுவும் மஞ்சளாயிற்று. திரும்பச் செய்தாலும் அப்படியே. "வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன்" என்று நீ சொல்வாயே, அதுதான் நினைவுக்கு வந்தது. வயதாகிவிட்டது, கை தடுமாறுகிறது, வேலையை விட்டுவிடுகிறேன் என்று எங்கள் ஆய்வகத் தலைவியிடம் சொன்னேன். அவளுக்கு நம் பெரியவள் வயதுதான்.

அவளே கொதிக்கவைத்து ஊற்றிப் பார்த்தாள். அதுவும் மஞ்சள்.

"உங்க கையைச் சந்தேகப்பட்டீங்க சார், நொதியைச் சந்தேகப்படலையே. அந்த நுண்ணுயிர் சலவைக்காரங்க விடுற வெந்நீர்லயே வளர்ந்தது. அதோட நொதி நம்ம கொதிநீருக்கெல்லாம் அசையுமா?"

"அப்போ நான் போக வேண்டாமா?"

"போயிட்டா இதை யார் ஆராயறது?"

இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்கிறாள். உன்னைக் கேட்காமல் நான் சரி சொல்லவில்லை.

ஒரு ஆளுக்குச் சோறு வைக்க எவ்வளவு தண்ணீர் என்று எழுது. நான் வைத்தால் எப்போதும் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது. தபால் எடுக்கிறவர் வந்துவிட்டார், முடிக்கிறேன். இந்தக் கட்டிடத்தில் லிப்ட் இருக்கிறது. நீ வருவதாக இருந்தால் அளவு எழுத வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்