மோரிஸ் வண்டியும் மடத்து வாசலும்

சேசு மரி சூசை

வாலிநோக்கம்,
19-1-1958

அன்பு மகள் ஜெபமாலைக்கு அய்யா எழுதுவது. இதை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் மதர் அவர்களுக்கும் ஸ்தோத்திரம். மடத்தில் உனக்கு வைத்த புதுப் பெயர் என் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. உறையின் மேல் அதை உன் தங்கச்சி லீமாரோஸ் எழுதுவாள். உள்ளே நீ எனக்கு ஜெபமாலைதான். மதர் மன்னிக்க வேண்டும்.

இங்கே எல்லாரும் சுகம். மே மாதம் 31-ந் தேதி நீ துறவற வார்த்தைப்பாடு கொடுக்கும் பூசைக்கு உடுத்த, அம்மா இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டாள். கன்னியாஸ்திரி வீட்டம்மா என்று ஊர் கூப்பிடுவதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உப்பளத்தில் மழைத் தண்ணீரை இறைத்துவிட்டுப் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறோம். நான் மேஸ்திரி என்று பேர்தான், மிதிக்கிற கால் நம்முடையதும்தான்.

ஒரு புதுச் சங்கதி. அளத்து மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது, உப்புக் கொட்டகையில் ஆறு வருஷமாகக் கிடந்த மோரிஸ் காரை, இழுத்துக்கொண்டு போனால் போதும் என்று என் தலையில் கட்டிவிட்டார். கதவைத் தொட்டால் அப்பளமாய் உதிர்கிறது. பழைய இரும்புக்குப் போடலாம் என்றேன். உன் தங்கச்சி கேட்டால்தானே! பதினைந்து வயசுப் பெண், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். ‘அக்கா பூசைக்கு நாம கார்ல போறோம்யா, ஸ்பேனரை எடுங்க’ என்கிறாள். உப்பு லாரி ஓட்டும் மஹ்மூது வந்து பார்த்து, இன்ஜினுக்கு உயிர் இருக்கிறது, உடம்புதான் போய்விட்டது என்றார். அன்றிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. பூசை முடிந்தால் துருச் சுரண்டல்தான். ஓய்வுநாளில் வேலை பாவமல்லவா என்று மதர் கேட்டால், விளையாட்டு என்று சொல்லிவிடு.

உன் கிறிஸ்துமஸ் கடிதம் கிடைத்தது. எப்போதும்போல நாலு வரி. ‘நான் சுகம், எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.’ ஐந்தாவதாக ஒரு வரி இருந்திருக்கிறது. அதன் மேல் மையை அப்பி அடித்திருக்கிறது. லீமாரோஸ் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள், திருப்பி விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. என்ன எழுதினாய்? அடித்தது நீயா, வேறு யாராவதா? உடனே பதில் எழுது.

உன் அய்யா
சவேரியார்


சேசு மரி சூசை

வாலிநோக்கம்,
13-4-1958

அன்பு மகள் ஜெபமாலைக்கு,

தபசு காலம் நாற்பது நாளும் கடிதம் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறாய். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மதர் அவர்களே, அந்தக் கேள்வி பிள்ளையின் கைக்குப் போனதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுதியது கோபத்தில் என்று நினைத்தால், ஆமாம், கோபத்தில்தான்.

வண்டி கதையைக் கேள். மண்ணெண்ணெய் டின்களை வெட்டி ஓட்டைகளை அடைத்தோம். டயர் மஹ்மூது தேடிக் கொடுத்தார். பிரேக்குக்கு ஊற்றுகிற எண்ணெய் மட்டும் இங்கே கிடைக்கவில்லை. ராமநாதபுரத்திலிருந்து வாங்கி வருகிறேன், பொறுங்கள் என்றார் மஹ்மூது. நமக்குப் பொறுமை ஏது? எண்ணெய் என்றால் எல்லாம் எண்ணெய்தானே என்று, மூக்கையூரில் என் தம்பி வள்ளத்துக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டேன். அது பிரேக்குக்குள் இருக்கிற ரப்பரை எல்லாம் இட்லி மாதிரி உப்ப வைத்துவிட்டது. அது எனக்கு எங்கே தெரியும்?

போன வாரம் அளத்துக் கரைமேல் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். மஹ்மூது பக்கத்தில் உட்கார, லீமாரோஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் பின்னால் பெருமையாக நடந்தேன். கரை திரும்புகிற இடத்தில் பிரேக்கை மிதித்தாள். பிடிக்கவில்லை. நான் ‘ஏலே நிறுத்துங்கலே’ என்று கத்திக்கொண்டே ஓடுகிறேன், வண்டி நேராக இடுப்பளவு உப்புத் தண்ணீரில் போய் இறங்கிவிட்டது. மஹ்மூதுதான் அவளைக் கதவு வழியாக வெளியே இழுத்தார். நெற்றியில் சின்னக் காயம். வேறொன்றும் இல்லை, பயப்படாதே.

நனைந்துபோய் வீட்டுக்கு வந்தவளை அம்மா அடிக்கப் போனாள். அந்த ஆத்திரத்தில் வாய் தவறிவிட்டது. ‘ஒன் உசுரைக் கேட்டுத்தானடி அக்காளைக் கோயிலுக்குக் கொடுத்தோம், நீ அதைத் தண்ணியில விடப் பாக்குறியே’ என்று சொல்லிவிட்டாள். மூன்று வருஷமாக நாம் மூன்று பேரும் மறைத்தது அப்படி வெளியே வந்தது. லீமாரோஸ் அழவில்லை. என் முகத்தையே பார்த்து, ‘நெசமாய்யா?’ என்று ஒரே வார்த்தை கேட்டாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் விடியும்போது அவள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உப்பு ஏறிய ஒவ்வொரு ஆணியையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. ஸ்பேனருக்குக் கையை மட்டும் நீட்டுகிறாள். நானும் எடுத்துக் கொடுக்கிறேன்.

உன் அய்யா
சவேரியார்


சேசு மரி சூசை

வாலிநோக்கம்,
22-5-1958

என் மகள் ஜெபமாலைக்கு,

மதர் அவர்களே, இதை முழுக்கப் படித்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு அவளிடம் கொடுங்கள். கிழித்துப் போட்டாலும் நாங்கள் வரத்தான் போகிறோம்.

வண்டி ஓடுகிறது. பிரேக் பிடிக்கிறது. 30-ந் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் சாயல்குடி, அருப்புக்கோட்டை வழியாகக் கிளம்புகிறோம். மஹ்மூது ஓட்டுகிறார், பக்கத்தில் நான், பின்னால் லீமாரோஸ். சனிக்கிழமை விடியற்காலம் மடத்து வாசலில் நிற்போம். பூசை மணி அடிக்கும்வரை அங்கேயே இருப்போம்.

கார் எதற்கு, பஸ் இல்லையா என்று நானும் லீமாரோஸிடம் கேட்டேன். ஒரு மாசத்துக்குப் பிறகு அப்போதுதான் வாய் திறந்தாள். போன வருஷம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி மடத்தைவிட்டு வந்தாள். வெட்டின முடியோடு பஸ்ஸைவிட்டு இறங்கினவளைக் கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. ‘அக்கா வர்றதா இருந்தா பஸ்ல வரக் கூடாதுய்யா, நேரா நம்ம வீட்டு வாசல்ல வந்து எறங்கணும்’ என்றாள். மறுநாள் அளத்துக்கே போகவில்லை. அவளோடு உட்கார்ந்து பிரேக்கை முடித்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். மாதாவுக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சையை முறித்தால் சின்னவளுக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்று தினமும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ‘வந்தா எனக்குத்தானய்யா வரும், வரட்டும்’ என்று கையைத் தட்டிவிடுகிறாள்.

அம்மா என்னோடு சண்டை. ஊர்ப் பெண்களோடு தனியாக பஸ்ஸில் வருகிறாள். ஆனால் நேற்று வண்டியைத் துடைக்கப் போனபோது பின் சீட்டில் உன் பழைய ஊதாத் தாவணி மடித்து வைத்திருந்தது. லீமாரோஸைக் கேட்டேன், நான் வைக்கவில்லை என்றாள். அம்மாவிடம் நான் கேட்கவில்லை.

நீ அங்கே சந்தோஷமாக இருந்தால் இரு. நான் கோயிலுக்குள் வந்து முழந்தாளிட்டு, நீ வார்த்தைப்பாடு கொடுப்பதைக் கண் நிறையப் பார்த்துவிட்டுப் போகிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இல்லை என்றால் ஒன்றும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். வந்து உன் தங்கச்சி பக்கத்தில் உட்கார். வழியில் நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். ஊர் கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

விஷஜுரத்தில் லீமாரோஸ் கண் செருகிக் கிடந்த அன்று, மாதா பீடத்தின் முன் விழுந்து, சின்னவளை விட்டுவிடு, பெரியவளை உனக்குத் தருகிறேன் என்று கத்தினேன். நீ எனக்குப் பின்னால்தான் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உனக்குப் பதினேழு வயசு. வீட்டுக்கு வந்து சொன்னபோது, ‘சரிய்யா’ என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. மாதாவிடம் கேட்கத் தெரிந்த எனக்கு, திரும்பி உன்னைக் கேட்கத் தெரியவில்லை.

இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன வேணும், தாயி?

சர்வேசுரன் உன்னைக் காக்கட்டும்.

உன் அய்யா
சவேரியார்