பாஷா விலாசத்துக்கு வந்த என் காகிதம்

மூக்கண்டப்பள்ளி,
25-7-1999

அன்புள்ள சம்பங்கிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. தேன்கனிக்கோட்டைச் சித்தப்பாவின் தக்காளிக் கொல்லையை யானை மிதித்துவிட்டது, போன வாரம் வந்து அழுதுவிட்டுப் போனார். இமெயில் வராமல் தபால் வருகிறதே என்று யோசிப்பாய். அதை முறையாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இப்போதும் சரியாக வருமா என்று தெரியவில்லை.

நம் தெருமுனையில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் கௌஸ் பாஷாவின் இமெயில் விலாசத்துக்குத்தான் நீ எனக்கு எழுதுவாய். எனக்கு மட்டுமில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் இங்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே விலாசம்தான். அவன் பிரிண்ட் எடுத்து, மடித்து, கடைக்குள் கட்டிய கம்பியில் துணி கிளிப் போட்டு மாட்டி வைப்பான். எல்லையில் சண்டை நடந்தபோது எதிர்த்தரப்பு நாட்டுப் பத்திரிகை தன் ஜனங்களுக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஃபாக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவரை ஒரே கருவியால் அளந்த பாகத்தை நான் பாஸ் செய்ததில்லை, அந்தப் பழக்கம். ஆனால் இன்டர்நெட்டில் அந்தப் பத்திரிகையின் பக்கம் இங்கே திறக்கவில்லை. அரசாங்கம் மறைத்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அதை எடுத்து அனுப்பும்படி உன்னிடம் சொன்னேன், நீயும் உடனே அனுப்பினாய். எப்போதும் மேலே ‘அப்பாவுக்கு’ என்று போடுகிறவள், அவசரத்தில் போடவில்லை போலிருக்கிறது. அதனால் காகிதத்தின் தலையில் பெறுபவர் என்று பாஷாவின் பெயர் மட்டும் இருந்தது.

போன வியாழக்கிழமை கடைக்குப் போலீஸ் வந்தது. கம்பியில் தொங்கியதையெல்லாம் உருவிப் படித்தார்களாம். படிக்க அவர்களுக்கு என்ன உரிமை? அதில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்த செய்தி இருந்தது, இன்னொரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை இருந்தது. இந்தப் பத்திரிகைக் காகிதம் கையில் கிடைத்ததும் பாஷாவையும் அவன் கம்ப்யூட்டரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் மனைவி சுக்ரா நம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். என் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவார்களே என்று அவள் கெஞ்சியும் அவன் வாயைத் திறக்கவில்லை என்றாள். “அடுத்தவங்க கடுதாசி, அவங்களக் கேக்காம நான் எப்பிடிச் சொல்றதுன்னு உக்காந்திருக்காரு சார்.” அதற்கு முந்திய நிமிஷம் வரை ‘ஊர்ல இல்லாத வம்பு நமக்கு எதுக்கு, பேசாம குந்துங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்த உன் அம்மா, உள்ளே போய் என் இஸ்திரிச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தாள்.

என் பயம் உனக்குத் தெரியும். ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவன். சொல்ல வேண்டியதை மனதில் வரிசையாக அடுக்கிக்கொண்டு போனேன், ஸ்டேஷன் வாசலில் எல்லாம் மறந்துவிட்டது. அந்தக் காகிதம் என்னுடையது என்று மட்டும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி மோர் வாங்கி வரச் சொன்னார். பாஷா தரையில் உட்கார்ந்திருந்தான். “பேரு அவனுது. இவனுங்களுக்கு மனசு எப்பவும் அங்கதான். நீங்க வீட்டுக்குப் போங்க பெரியவரே” என்றார். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எனக்கு எரிந்தது. ஒரே காகிதம், நான் படித்தால் பெரியவர், அவன் கையில் இருந்தால் துரோகியா? மோரைத் தொடவில்லை. “கேட்டது நான், அனுப்புனது என் பொண்ணு. தப்புன்னா என்னையும் கீழ உக்கார வையுங்க” என்று சொல்லிவிட்டு பாஷா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவருக்கு ஸ்டேஷன் சாப்பாடு ஒத்துக்காது என்று ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார். சாயங்காலம் இருவரையும் போகச் சொன்னார்கள். கம்ப்யூட்டரைக் கொடுக்கவில்லை. இனி யார் எதைப் பார்க்கிறார்கள் என்று வாரம்தோறும் ஸ்டேஷனில் வந்து சொல்ல வேண்டுமாம். “அதுக்கு நான் எதுக்கு சார் கடை வைக்கணும்” என்று பாஷா ஷட்டரை இழுத்துவிட்டான்.

எமர்ஜென்சியில் பத்திரிகைகள் சில நாள் வெள்ளை இடம் விட்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஏதோ எடுத்திருக்கிறார்கள் என்றாவது அப்போது தெரிந்தது. இப்போது லைன் கோளாறா, தடையா என்றுகூடத் தெரிவதில்லை. திருடனுக்காவது தான் எடுத்தது திருட்டு என்று தெரியும், இவர்கள் நம் நன்மைக்கு என்கிறார்கள். அறுபத்தெட்டு வயதில் நான் எதைப் படிக்கலாம் என்று ஒரு அதிகாரி டெல்லியில் உட்கார்ந்து தீர்மானிப்பதா? கோபத்தில் அதிகமாக எழுதுகிறேனோ என்னவோ, ஆனால் இதைக் கிழிக்கப் போவதில்லை.

உன் பெயரைச் சொன்னது சரியா என்றுதான் தூக்கம் வரவில்லை. நீ ஊருக்கு வரும்போது யாராவது கேட்டால் அப்பா கேட்டார், அனுப்பினேன் என்று சொல். மாப்பிள்ளையோடும் கலந்து பேசிக்கொள், அவர் வேண்டாம் என்றால் நான் வருத்தப்பட மாட்டேன். சம்மதம் என்றால் அந்தப் பத்திரிகையை முழுசாக வாங்கித் தபாலில் அனுப்பு. பாஷாவின் பெயர் எங்கேயும் வேண்டாம். உறையின் மேல் என் பெயரையும் வீட்டு எண்ணையும் தபால்காரருக்கு மட்டுமில்லாமல் வழியில் பார்க்கிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுது.

குழந்தைக்கு வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்க்க மறக்காதே. நம் குலசாமி உங்கள் மூவரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். எப்போதும் ‘அப்பா’ என்று மட்டும் போடுகிறவன், இந்த முறை உறையில் எழுத வேண்டியபடியே கீழே எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

வெ. கோவிந்தப்பன்,
கதவு எண் 41, இரண்டாவது குறுக்குத் தெரு,
மூக்கண்டப்பள்ளி, ஓசூர்.