முயல் அழுகிற பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, அண்ணன் மறுபடி வேலைக்குப் போகிறான், நம் தையல் கடையில் பள்ளிச் சீருடை மலைபோல் குவிந்து கிடக்கிறது. உன் அண்ணிதான் இன்னும் தேறவில்லை. வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது, தொட்டிலுக்கு வாங்கிய துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள்.

அண்ணன் மகளுக்கு நீ அனுப்பிய படப் புத்தகங்களைப் பற்றிப் போனில் கேட்டாயே, குட்டி ஆசையாகப் பார்க்கிறாள் என்று சொல்லி நழுவிவிட்டேன். நடந்தது வேறு. முயல் கதையில் வளை இடிந்து அம்மா முயல் அழுகிற படம் இரண்டு பக்கத்துக்கு வருகிறதல்லவா, அது ஏன் அழுகிறது என்று குட்டி கேட்டாள். வீட்டில் இருக்கிற அழுகை போதாதா என்று ஊசி நூலை எடுத்து அந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டேன். கேட்டவளிடம், அது அழுற பக்கம், பாக்கக் கூடாது என்றேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். குட்டி ஓடிப்போய் ஒரு துண்டை எடுத்துவந்து தன் தாயின் முகத்தை மூடினாள். என்னடி பண்றே என்று உங்கம்மா அதட்ட, அழுற பக்கத்தப் பாக்கக் கூடாதுன்னு தாத்தா சொன்னாரு என்றாள். அண்ணி துண்டை விலக்கவே இல்லை, அதற்குள்ளேயே அழுதாள். எனக்கு உயிர் போனது போல் ஆகிவிட்டது. அவளத் திட்டாத, தப்பு என்னுது என்று உங்கம்மாவிடம் சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கொண்டுபோய் அண்ணியிடம் காட்டினேன். அப்போதுதான் துண்டை எடுத்தாள், தையலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், இந்த வீட்டுல எல்லாரும் மனசுக்குள்ள செய்யறத நீங்க நூல வச்சு செஞ்சிருக்கீங்க மாமா. உண்மைதானே, அவள் கண் கலங்கினாலே நான் கடைக்கு ஓடிவிடுகிறேன், உங்கம்மா தண்ணீர் பிடிக்கப் போய்விடுகிறாள்.

அங்கேயே உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரித்தேன். அண்ணியே குட்டியை மடியில் வைத்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். நம்ம வீட்டுக்கு வர இருந்த பாப்பா வரல, அதான் அம்மாவுக்கு அழுகை வருது என்றாள். குட்டி வெகுநேரம் முயலையே பார்த்தாள். பிறகு, எனக்குந்தாம்மா வருது என்று உதட்டைப் பிதுக்கினாள் பார், அந்தப் பிஞ்சும் பாப்பாவுக்காகக் காத்திருந்தது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே மகளே. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை.

நேரத்துக்குத் தூங்கு, குளிரில் காதை மூடிக்கொள். அண்ணிக்கு மறக்காமல் போன் செய். சரியாயிட்டீங்களா என்று மட்டும் கேட்காதே, அழுதால் அழட்டும், போனை வைத்துவிடாதே. நீங்கள் இருவரும் நிறைவாக வாழ அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் அன்புள்ள
அப்பா